சிங்கர் என்றொரு ரயில் ஸ்டேஷன்: கிளாஸ்கோ நாட்குறிப்பு

செவ்வாய்

கிளாஸ்கோவின் குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு இரண்டு தளம். மேல்தளத்தில் எடின்பரோவுக்கும் வடக்கு மலைநாட்டுக்கும் போகிற ரயில்கள். புறநகர் ரயில்களுக்குப் படியிறங்கிக் கீழே போக வேண்டும். இந்தக் கீழ்த்தளமும் அதன் சுரங்கப் பாதையும் 1886-ல் திறந்தவை. ஸ்காட்லாந்தின் முதல் சுரங்க ரயில் பாதை இது. நீராவி இன்ஜின்கள் இந்தப் பொந்துக்குள் ஓடிய காலத்தில் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எப்படி மூச்சு விட்டிருப்பார்களோ தெரியாது. மின்சார ரயில் வந்தது 1960-ல்தான்.

மேற்கே போகும் ரயில்கள் ஹிண்ட்லண்ட் தாண்டியதும் இரண்டாகப் பிரிகின்றன. ஒன்று ஆற்றோரமாக யோக்கர் வழியே போகும். இன்னொன்று மேட்டுப் பக்கமாக அன்னிஸ்லண்ட், வெஸ்டர்டன், டிரம்சாப்பல், டிரம்ரி என்று போகும். இரண்டும் டல்முயரில் மறுபடி சேர்ந்துகொள்ளும். எனக்கு வேண்டியது மேட்டுப் பாதை.

ஸ்காட்லாந்தில் ரயிலில் போகும்போது அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்பது ஒரு சுகம். டிரம்சாப்பல் என்றதும் ஏதோ தேவாலயம் இருக்கும் என்று தோன்றும். தேவாலயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ‘டிரம்’ என்றால் மேட்டு முதுகு, பின்பாதி குதிரை. குதிரை மேடு. நம் ஊரில் ஆனைமலை என்பது போலத்தான். அடுத்து டிரம்ரி, அதுவும் ஒரு மேடு. இந்தப் பக்கத்தில் அந்த மொழி மறைந்த பிறகும் மண்ணின் வளைவு பெயருக்குள் நிற்கிறது.

அதற்கு அடுத்த ஸ்டேஷனின் பெயர் சிங்கர்.

மேடும் இல்லை, குதிரையும் இல்லை, புனிதரும் இல்லை. தையல் மெஷின். கேலிக் பெயர்களின் வரிசையில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்காகவே இந்தப் பயணத்தில் கிளாஸ்கோவுக்கு இத்தனை நாள் ஒதுக்கினேன்.

இறங்கினால், கிளைட்பேங்க் என்ற ஊரின் சாதாரணப் புறநகர் ஸ்டேஷன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளிப் பிள்ளைகள், கடைப்பையோடு இரண்டு பாட்டிகள். பக்கத்தில் தாழ்வான அலுவலகக் கட்டடங்கள் கொண்ட ஒரு வணிகப் பூங்கா, கார் நிறுத்துமிடம், வெட்டிவிட்ட புல். உலகத்திலேயே மிகப் பெரிய தையல் மெஷின் தொழிற்சாலை நின்ற நிலம் அதுதான்.

புதன்

இன்று முழுக்க நடைதான். தொழிற்சாலையின் கதையை நடந்துகொண்டே கோத்துப் பார்த்தேன்.

சிங்கர் கம்பெனி கிளாஸ்கோவுக்கு வந்தது 1867-ல். முதல் பட்டறை குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி, ஜான் ஸ்ட்ரீட் பக்கம். இடம் போதாமல் நகரின் கிழக்கே பிரிட்ஜ்டனுக்குப் போனார்கள். அதுவும் போதவில்லை. அப்போது கம்பெனியின் தலைமைக்கு வந்தவர் ஜார்ஜ் ராஸ் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் கிங்யூசி என்ற ஊரில் பிறந்து, பிழைப்புக்கு அமெரிக்கா போய், சிங்கரில் தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவர். அவர்தான் இந்தக் கில்போவி பண்ணை நிலத்தைத் தேர்ந்தார். 1882 மே 18 அன்று முதல் மண்ணை வெட்டியவரும் அவரே. கட்டி முடிக்க மூன்று வருடம் ஆனது. பரப்பு 46 ஏக்கர்.

ஏன் இங்கே என்பதற்கு விடை காலுக்குக் கீழேயே இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கில்போவி சாலையில் சரிவாக இறங்கினால் ஃபோர்த்–கிளைட் கால்வாய் வரும். 1790-ல் திறந்த கால்வாய், ஸ்காட்லாந்தின் இடுப்பைக் குறுக்கே வெட்டி இரண்டு கடலையும் இணைக்கிறது. வடக்கே 1858-லேயே ரயில். தெற்கே கால்வாய், அதற்கும் தெற்கே கப்பல் போகும் கிளைட் ஆறு. இரும்பும் நிலக்கரியும் மரமும் உள்ளே வர, மெஷின்கள் வெளியே போக, இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்?

அந்த நாளில் இங்கே இருந்த ஸ்டேஷனின் பெயர் கில்போவி. அதன் கடைசிப் பாதி கேலிக் மொழியில் மஞ்சள் நிறம் என்று பொருள் தரும் சொல். முதல் பாதியைத் தேவாலயம் என்பாரும் உண்டு, மூலை அல்லது மேட்டின் பின்புறம் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. மேட்டில் நின்று கீழே பார்த்தால், காட்டுப்பூ பூத்த மஞ்சள் சரிவை மனதில் வரைந்துகொள்ள முடிகிறது.

தொழிற்சாலை வளர்ந்தது. வளர்ந்து வளர்ந்து ரயில் பாதைமேலேயே முட்டியது. 1907-ல் பாதையையே பெயர்த்து, தொழிற்சாலையைச் சுற்றி வளைத்துப் புதிதாகப் போட்டார்கள். கில்போவி ஸ்டேஷனை மூடிவிட்டு, அந்த நவம்பரில் புதிய பாதையில் புதிய ஸ்டேஷனைத் திறந்தார்கள். அதற்குத்தான் சிங்கர் என்று பெயர் வைத்தார்கள். இது போதாதென்று, தொழிலாளர்கள் மட்டும் வந்து இறங்க ‘சிங்கர் வொர்க்கர்ஸ் பிளாட்பாரம்’ என்று தனியாக ஒரு முனையமும் இருந்தது. காலையில் வேலையாட்களைக் கொண்டுவந்து கொட்டி, மாலையில் அள்ளிக்கொண்டு போகும் ரயில்கள் அங்கே வந்தன. 1967 வரை அது இருந்தது.

ஒரு ரயில் கம்பெனி தன் தண்டவாளத்தை நகர்த்தித் தருகிறது என்றால், நகரச் சொன்னவனின் பலத்தை நினைத்துப் பாருங்கள். 1913-ல் மட்டும் இங்கிருந்து 13 லட்சம் மெஷின்கள் போயின. வேலை செய்தவர்கள் சுமார் 14,000 பேர். 1884 முதல் 1943 வரையான கணக்கு ஏறக்குறைய மூன்று கோடியே அறுபது லட்சம் மெஷின்.

நடுவில் 200 அடி உயரக் கோபுரம். நான்கு பக்கமும் கடிகாரம், ஒவ்வொரு முகமும் 26 அடி அகலம். லண்டன் பிக் பென் கடிகாரத்தின் முகம் சுமார் 23 அடிதான். ஊர் முழுக்க அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுந்தது, தாமதமானால் ஓடியது. 1963-ல் நவீனமாக்குகிறோம் என்று சொல்லி அதை இடித்துவிட்டார்கள். ஜெர்மனியின் விட்டன்பெர்கே ஊரிலும் சிங்கருக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே 1928-ல் கட்டிய கடிகாரக் கோபுரம் இன்றும் நிற்கிறது. கிளைட்பேங்க் தன்னுடையதைக் காப்பாற்றியிருக்கலாம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் இந்த ஆதங்கம் அடங்கவில்லை.

வியாழன்

காலையில் டம்பார்ட்டன் சாலையிலுள்ள டவுன் ஹாலுக்குப் போனேன். கிளைட்பேங்க் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. இந்த நகரசபையின் தையல் மெஷின் சேகரிப்பு பெரியது, நூற்றுக்கணக்கில். கருப்பு உடம்பு, பொன்வண்ணப் பூவேலை, மரப் பெட்டி. நம்மவர்கள் யாரும் இதன் முன்னால் அந்நியமாக நிற்க மாட்டார்கள்.

நம் தொடர்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையில் சிங்கர் கம்பெனி கடை போட்டது 1877-ல், அதாவது கில்போவியில் மண் வெட்டுவதற்கும் முன்னால். இந்தியாவிலும் அந்தக் காலகட்டத்திலேயே விற்பனை தொடங்கிவிட்டது. தவணையில் கொடுத்து, வீடு தேடிப் போய், தையற்கடை தையற்கடையாக ஏறி இறங்கி விற்றார்கள். அப்படி நம் பக்கம் வந்து சேர்ந்த பழைய மெஷின்களில் பெரும்பங்கு இந்தச் சரிவில் வார்த்து, இழைத்து, மெருகிட்டு அனுப்பியவை.

இன்னொரு தொடர்பு, அதைவிட ஆழமானது. 1924-ல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் காந்தியைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். அந்த மாணவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் டாக்டர் சௌந்தரத்தை மணந்து, திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். காந்தி விதிவிலக்காக எடுத்துச் சொன்ன இயந்திரம் சிங்கர் தையல் மெஷின். கண்டுபிடிக்கப்பட்ட பயனுள்ள பொருள்கள் சிலவற்றில் அதுவும் ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தான் என்ற கதையையும் சொன்னார். ராமச்சந்திரன் விடவில்லை. அந்த மெஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் விசையால் ஓடும் இயந்திரங்கள் இருக்குமே என்றார். ஆமாம், அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் அரசின் கையில் இருக்க வேண்டும், அங்கே வேலை செய்பவர்களுக்கு மிக நல்ல சூழல் இருக்க வேண்டும், லாபத்துக்காக அல்லாமல் மனிதகுலத்தின் நன்மைக்காக ஓட வேண்டும் என்று காந்தி பதில் சொன்னார்.

இந்தக் கேள்வியின் மறுமுனை இங்கே, கிளைட்பேங்கில் கிடக்கிறது. தொழிற்சாலைக்குள் எப்படி இருந்தது?

1911 மார்ச்சில் மரப்பெட்டிகளுக்கு மெருகு போடும் பிரிவில் வேலையை மாற்றி அமைத்தார்கள். மூன்று பெண்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் செய்த வேலையையும் மிச்சமிருந்த பன்னிரண்டு பேர் தலையில் வைத்தார்கள். கூலி மட்டும் ஏறவில்லை. அந்தப் பன்னிரண்டு பெண்கள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அன்றே மற்றப் பெண்கள் கூட வந்தார்கள். சில நாளில், 11,000 பேர் வேலை செய்த இடத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வெளியே நின்றார்கள். ஊர்வலமும் வாத்தியமும் கொடியுமாக மூன்று வாரம். கம்பெனி ஒவ்வொரு தொழிலாளிக்கும் அஞ்சலட்டை அனுப்பி, வேலைக்குத் திரும்பச் சம்மதமா என்று கேட்டது. ஒன்றாக நின்றவர்களை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக மடக்கும் உபாயம் அது, பலித்தும் விட்டது. ஏப்ரலில் வேலைநிறுத்தம் முடிந்தது. முன்னணியில் நின்றவர்கள் உட்பட சுமார் 400 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்கள் கிளைட் கரையின் மற்றத் தொழிற்சாலைகளில் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த பத்தாண்டில் தொழிலாளர் போராட்டங்களால் ‘சிவப்புக் கிளைட்’ என்று இந்தப் பகுதிக்கே பெயர் வந்ததில் அவர்கள் பங்கு உண்டு.

கம்பெனியைத் தொடங்கிய ஐசக் மெரிட் சிங்கர் இந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மெக்கன்சி மண் வெட்டுவதற்கு ஏழு வருடம் முன்பே, 1875-ல், இங்கிலாந்தின் தென்கோடியில் பெயின்டன் என்ற கடலோர ஊரில் இறந்துபோனார். அவர் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு அந்த மனைவிமேல் அன்பு என்ற கதை பொருந்தாது. பல பெண்களோடு இருபதுக்கு மேல் பிள்ளைகள் பெற்றவர். அதைவிட, ஸ்டேஷனுக்குப் பெயர் வந்த 1907-ல் கிளைட்பேங்கில் அந்தச் சொல்லுக்கு யார் பொருள்? ‘எங்கே வேலை?’ என்றால் ‘சிங்கர்ஸில்’ என்பது பதில். அம்மா, அக்கா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சிங்கர்ஸ். அருங்காட்சியகத்தில் எனக்கு அடுத்து நின்று பார்த்த ஒரு மூதாட்டியும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார், தன் தாயார் ஊசிப் பிரிவில் இருந்தாராம். அவர் வாயில் அது ஒரு முதலாளியின் பெயராக ஒலிக்கவே இல்லை. இத்தனை நாளாக என் மனத்திலிருந்த எண்ணத்தை இவர்தான் உறுதிப்படுத்தினார்: பலகையில் உள்ள பெயர் அந்தப் பதினாயிரம் பேருக்கு உரியது.

மாலையில் 1941-ஐப் பற்றிய பகுதியைப் பார்த்தேன். மார்ச் 13, 14 இரண்டு இரவுகள் ஜெர்மன் விமானங்கள் கிளைட்பேங்கைக் குண்டுகளால் கொளுத்தின. 528 பேர் இறந்தார்கள். சுமார் 12,000 வீடுகளில் சேதப்படாமல் தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிங்கரின் மரக்கிடங்கு பிடித்து எரிந்த வெளிச்சத்தில் பின்னால் வந்த விமானங்கள் வழி கண்டுகொண்டன. பெட்டி செய்ய அடுக்கி வைத்திருந்த மரம். அதற்கு மேல் குறிப்பெடுக்க மனம் வரவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளி

மழை. ரயிலில் உட்கார்ந்தே சுற்றினேன்.

வடக்கே ஒரு கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தால் மில்ன்கேவி. உள்ளூர்க்காரர் வாயில் மல்கய். வெளியூர்க்காரரைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. 1863-ல் ரயில் வந்த ஊர். இன்று மலைநாட்டுக்கு நடந்து போகும் நெடும்பாதையின் தொடக்கம் இங்கே என்பதால், ரயிலிலிருந்து முதுகுப்பை மனிதர்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். 1930-ல் ஜார்ஜ் பென்னி என்பவர் விமான விசிறி பொருத்திய ரயில் பெட்டியை உத்தரத்தில் தொங்கவிட்டு ஓட்டிக் காட்டியதும் இந்த ஊர்ப் பக்கம்தான். பணம் போட யாரும் வரவில்லை. 1937-ல் அவர் திவாலானார்.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். கேலிக்கில் ‘முலின்’ என்றால் மாவரைக்கும் ஆலை. டேவிட் என்ற பெயர், அந்த மொழியின் இலக்கணப்படி வேற்றுமை ஏற்கும்போது, முதல் எழுத்து மாறி ‘காவி’ என்பதற்குக் கிட்டே ஒலிக்கும். டேவிட்டின் ஆலை. கேவின் என்பவரின் ஆலை என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பெயரிலேயே ஒரு பழைய ஆலைக் கட்டடம் ஊருக்குள் நிற்கிறது. எவனாக இருந்தாலும் ஆலைக்காரன் பெயர். ஊரார் தானியத்தைக் கொண்டுபோய் அரைத்த இடத்தின் பெயர் ஊரின் பெயராகி, ரயில் வந்தபோது ஸ்டேஷன் பெயராகியிருக்கிறது. அப்படியானால் சிங்கர் மட்டும் என்ன குறை? வேலைத்தலம் ஊருக்குப் பெயர் தருவது இங்கே பழைய வழக்கம். கிளைட்பேங்க் என்ற நகரப் பெயரும் அப்படி வந்ததுதான். ஜே அண்ட் ஜி தாம்சன் கம்பெனியின் ‘கிளைட் பேங்க்’ கப்பல் பட்டறை கோவனில் இருந்தது. 1871-ல் அதை இங்கே மாற்றியபோது பெயரையும் கூடக் கொண்டுவந்தார்கள். 1886-ல் நகராட்சி அமைந்தபோது பட்டறையின் பெயரையே நகரத்துக்கு வைத்தார்கள். பின்னால் ஜான் பிரவுன் கம்பெனி கைக்கு வந்த அதே பட்டறையில்தான் 1934-ல் குவீன் மேரி கப்பல் நீரில் இறங்கியது.

பிற்பகல் தெற்குப் புறநகரில் கிராஸ்மைலூஃப். 1888-ல் திறந்த ஸ்டேஷன். 1568 மே 13 அன்று லாங்சைடு போருக்கு முன், ஸ்காட்லாந்து அரசி மேரி தன் உள்ளங்கையில் ஒரு சிலுவையை வைத்து, அதன்மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்று சூளுரைத்தாள் என்பார்கள். ஸ்காட்ஸ் மொழியில் ‘லூஃப்’ உள்ளங்கை. ஒரு புனிதரின் பெயரில் இருந்த கற்சிலுவையே இப்படித் திரிந்தது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை, முதலாவதில் பிரியம். போர் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மேரி இங்கிலாந்துக்கு ஓடி, 19 வருடம் சிறையிருந்து, வெட்டுப்பட்டுச் செத்தாள்.

சனி

கடைசியாக இன்னொரு முறை சிங்கரில் இறங்கினேன், தொழிற்சாலை எப்படி முடிந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும் என்பதற்காக. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய மெஷின்கள் மலிவாக வந்தன. ஆயத்த ஆடைகள் வந்ததும் வீட்டில் தைப்பவர்கள் குறைந்தார்கள். 1960-களிலிருந்தே ஆள் குறைப்பு. 1979-ல் மூடல் அறிவிப்பு, 1980-ல் மூடியே விட்டார்கள். கட்டடங்களை இடித்து, நிலத்தை வணிகப் பூங்காவாக்கினார்கள். ஸ்டேஷன் பெயரை மாற்றவில்லை. மாற்றாமல் விட்டவர்களுக்கு என் நன்றி.

போக நினைப்பவர்களுக்கு: குவீன் ஸ்ட்ரீட் கீழ்த்தளத்தில் ஏறும்போது ரயில் சிங்கர் வழியா, யோக்கர் வழியா என்று பலகையில் பாருங்கள். அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். பிறகு கால்வாய்க் கரையோரம் நடந்து ஆற்றுப் பக்கம் போனால், கப்பல் பட்டறையில் மிஞ்சிய டைட்டன் கிரேன் 150 அடி உயரத்தில் நிற்கும். அதுவும் 1907-ல் எழுந்ததுதான்.

போக முடியாதவர்கள் வீட்டிலோ தெரிந்த தையற்கடையிலோ இருக்கும் பழைய சிங்கர் மெஷினைப் பாருங்கள். அடித்தட்டின் வலப் பக்கம் எண் பொறித்திருப்பார்கள். எண்ணுக்கு முன்னால் எஃப் அல்லது ஒய் என்ற ஒற்றை எழுத்தோ, ஈ-யில் தொடங்கும் இரண்டு எழுத்தோ இருந்தால் அது இந்த ஊரில் செய்தது. மாடல் எண் 15கே, 66கே, 99கே என்று இருந்தாலும் அப்படியே. அந்த ‘கே’ கில்போவியைக் குறிக்கிறது. உங்கள் மெஷினில் என்ன எழுத்து இருக்கிறது, யார் வாங்கியது, எந்த வருடம் என்று எழுதுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து ஒரு பட்டியல் போடலாம் என்றிருக்கிறேன்.